ஊர்த்தெருவோடு நின்றுவிடும் களப்பணி

தமிழ்நாட்டில் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கும் மாணவர்கள் கிராம முகாமுக்குப் போகிறார்கள். ஏழு நாளோ பத்து நாளோ நடக்கும் அந்த முகாமில் வழக்கமாக என்ன நடக்கும் என்பது போய்வந்தவர்களுக்குத் தெரியும். ஊரை முடிவு செய்ததும் பேராசிரியர்கள் முதலில் போய்ப் பார்ப்பது ஊராட்சித் தலைவரையும் ஊர்ப் பெரியவர்களையும். தங்குமிடம் ஊர்த்தெருவில் இருக்கும் பள்ளிக்கூடம் அல்லது சமுதாயக்கூடம். தொடக்க விழா மேடையில் யார் உட்கார வேண்டும் என்பதை ஊர் முடிவு செய்கிறது. இரண்டாம் நாள் கோயிலுக்கு முன்போ மந்தையிலோ கலர் கோலப்பொடியால் சமூக வரைபடம் போடுகிறார்கள். சுற்றி நிற்பவர்கள் சொல்லச் சொல்ல மாணவர்கள் வரைகிறார்கள். கோயில், பள்ளி, ரேஷன் கடை, பால் சொசைட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வந்துவிடும். சேரி மட்டும் ஓரத்தில் ஒரு கட்டமாக வரும். சில ஊர்களில் அதுவும் வராது. அப்புறம் புகைப்படம், கைதட்டல், அறிக்கை, மதிப்பெண்.

சேரி மக்கள் அந்த மந்தைக்கு வந்து நின்று பேச முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. பங்கேற்பு ஊரக மதிப்பீடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பங்கேற்றது யார்?

நாளைக்கு இளைஞர்களோடும் மக்களோடும் வேலை செய்யப் போகிறவர்களைப் பல்கலைக்கழகங்கள் எப்படி வளர்த்தெடுக்கின்றன என்பதைப் பற்றி நாம் வெளிப்படையாகப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. எங்களில் சிலர் இந்தப் படிப்பைப் படித்தவர்கள். சிலர் களப்பணிக்கு வரும் மாணவர்களைச் சேரிக்குள் அழைத்துப் போகிறவர்கள். எங்கள் குற்றச்சாட்டு இதுதான்: சாதியைப் பார்த்தும் பாராததுபோல் கடந்து போவதற்கான பயிற்சியை, தொழில் அறம் என்ற பெயரில் இந்த வகுப்பறைகள் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

வேங்கைவயலை நினைத்துப் பாருங்கள். 2022 டிசம்பரில் தலித் குடியிருப்பின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியரின் முன்னால்தான் அந்தப் பகுதியின் டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதும், தலித்துகளுக்குக் கோயில் நுழைவு மறுக்கப்படுவதும் வெளியே வந்தன. வழக்குகள் பதிவாயின. அன்று காலையில் முளைத்தவை அல்ல அவை. ஒரு மாவட்ட நிர்வாகம் ஒரே நாளில் கண்டுபிடித்ததை, பத்து நாள் முகாம் போட்டுக் கணக்கெடுப்பு நடத்துகிறவர்களால் ஏன் கண்டுபிடிக்க முடியாது? கேள்வித்தாளில் கழிப்பறை உண்டா என்ற கேள்வி இருக்கிறது. டீக்கடையில் எந்தக் குவளை கொடுக்கிறார்கள் என்ற கேள்வி இல்லை. முடிதிருத்தும் கடை, சுடுகாட்டுப் பாதை, கோயில், குளம் ஆகியவை பற்றிய கேள்விகளும் இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் வராது. பதில் வராததால் அறிக்கையில் சாதி இருக்காது. அறிக்கையில் இல்லாததால் அந்த ஊர் அமைதியான ஊராகிவிடும்.

காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல்லை நீக்கட்டும், நல்லதுதான். ஆனால் குடியிருப்பையே நீக்கிவிட்டு வரைபடம் போடும் படிப்பை என்ன செய்வது?

வகுப்பறைக்கு வருவோம். தனிநபர் சமூகப்பணி என்ற பாடத்தில் ஃபீலிக்ஸ் பைஸ்டெக் 1957-இல் எழுதிய ஏழு கொள்கைகளை மனப்பாடம் செய்யாமல் யாரும் தேர்ச்சி பெறுவதில்லை. அவற்றில் இரண்டு கொள்கைகள் நம் ஊரில் எப்படிப் பயன்படுகின்றன என்று பாருங்கள். ஒன்று, தீர்ப்பளிக்காத மனப்பான்மை. இது, உதவி தேடி வந்தவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதே என்று சொல்ல வந்த கொள்கை. குடிநோயாளியிடமும் கைவிடப்பட்ட பெண்ணிடமும் நீதிபதிபோல் பேசாதே என்பது அதன் பொருள். அதை இரட்டைக் குவளை வைத்திருக்கும் டீக்கடைக்காரருக்கும், சேரிப் பெண்கள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கக் கூடாது என்று சொல்லும் ஊர்ப் பெரியவருக்கும் கொடுக்கும் சலுகையாக மாற்றியது யார்? பைஸ்டெக் மாற்றவில்லை. நம் பேராசிரியர்கள்தான் மாற்றினார்கள்.

இன்னொன்று, கட்டுப்படுத்தப்பட்ட உணர்வு ஈடுபாடு. ஒரு தலித் மாணவி களப்பணிக் குறிப்பேட்டில் தீண்டாமையைப் பற்றி எழுதினால், "நீ ரொம்ப எமோஷனலா இருக்க, புறவயமா எழுது" என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதுகிறார்கள். அதே முகாமில் ஊராட்சித் தலைவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விருந்து சாப்பிட்டு, அவரை அண்ணன் என்றும் பெரியப்பா என்றும் கூப்பிட்டுப் பழகும் மாணவரிடம் யாரும் உணர்வு ஈடுபாட்டைக் கட்டுப்படுத்தச் சொல்வதில்லை. அவர் எழுதினால் 'நல்லுறவு ஏற்படுத்தும் திறன்' என்று மதிப்பெண் விழுகிறது. சேரியின் மேல் வைக்கும் பாசத்துக்கு மட்டும்தான் இந்தத் துறை கடிவாளம் வைத்திருக்கிறது.

இந்தப் பிரச்சினை புதியதும் அல்ல. இந்தியாவில் சமூகப்பணி ஒரு படிப்பாக வருவதற்கு முன்பே இதைப் பற்றிய முக்கியமான விவாதத்தை அம்பேத்கர் தொடங்கி வைத்துவிட்டார். 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தத்தை ஒட்டி, காந்தியின் முயற்சியில் தீண்டாமை எதிர்ப்புக் கழகம் தொடங்கப்பட்டது. பின்னாளில் அது ஹரிஜன சேவா சங்கம் ஆனது. அதன் தலைவர் தொழிலதிபர் ஜி.டி. பிர்லா, செயலாளர் ஏ.வி. தக்கர். அந்த நவம்பரில் லண்டனுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த அம்பேத்கர் தக்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தீண்டப்படாதவர் துன்பப்படுவது அவரிடமுள்ள குறையாலா, அவரைச் சுற்றியுள்ள சமூகத்தாலா என்பதுதான் அவர் முதலில் எழுப்பிய கேள்வி. குறை அவரிடம்தான் என்று நினைப்பவர்கள் மதுவிலக்கு, உடற்பயிற்சி, நூலகம், பள்ளி என்று தனிமனித மேம்பாட்டுத் திட்டம் போடுவார்கள். குறை சமூகத்தில் என்று அறிந்தவர்கள் கிணற்றிலும் பள்ளியிலும் சாவடியிலும் பொது வாகனத்திலும் உரிமையை நிலைநாட்டுவார்கள். அப்படிச் செய்தால் மோதல் வரும், தலை உடையும் என்பதும் அவருக்குத் தெரியும். அப்படியும் அதைத்தான் செய்ய வேண்டும் என்றார். வேலை வாய்ப்பில் உள்ள தடைகளை உடைப்பதையும், சாதி இந்துக்கள் தங்கள் வீடுகளில் தீண்டப்படாதவர்களை ஏற்கச் செய்வதையும் அதோடு சேர்த்துச் சொன்னார்.

அந்தக் கடிதத்தின் கடைசிப் பகுதி ஊழியர்களைப் பற்றியது. சம்பளத்துக்கு வந்து வேலை பார்ப்பவர்களால் இது ஆகாது, நேசிப்பவர்களால்தான் ஆகும் என்றார். அந்த நேசம் ஒடுக்கப்பட்டோரிடமிருந்து வரும் ஊழியர்களிடம் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்றார். கடிதம் கிடைத்ததாக ஒரு வரிகூடத் தனக்குப் பதில் வரவில்லை என்று 1945-இல் வெளியிட்ட நூலில் அவரே பதிவு செய்திருக்கிறார். சங்கத்தின் நிர்வாகத்தில் தீண்டப்படாதவர்களுக்கு இடம் வேண்டும் என்று கேட்டபோது, இது சாதி இந்துக்கள் தீர்க்க வேண்டிய கடன், அதனால் அவர்கள்தான் நடத்த வேண்டும் என்பது காந்தியின் பதிலாக இருந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து 1936-இல் பம்பாயில் இந்தியாவின் முதல் சமூகப்பணிப் பள்ளி தொடங்கப்பட்டது. அதுதான் பின்னர் டாடா சமூக அறிவியல் நிறுவனம் ஆனது. அதன் முதல் இயக்குநர் கிளிஃபர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்கர். 1952-இல் சென்னை சமூகப்பணிப் பள்ளி வந்தது. மேரி ரிச்மண்டின் நோயறிதல் முறையும் ஜேன் ஆடம்ஸின் ஹல் ஹவுஸும் பாடமாயின. இவற்றைப் படிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சிகாகோவின் ஏழைக் குடியேறிகளோடு போய் வாழ்ந்த ஆடம்ஸ் படிக்கப்பட வேண்டியவர். ஆனால் தக்கருக்கு எழுதிய கடிதத்தை எந்தப் பருவத்தில் வைத்திருக்கிறார்கள்? 1894 முதல் சென்னையில் நடந்த பஞ்சமர் பள்ளிகளையும், 1916-இல் சிதம்பரத்தில் சகஜானந்தர் தொடங்கிய நந்தனார் கல்விக் கழகத்தையும், 1927-இல் மகாடு குளத்தில் மக்களைத் திரட்டிய முறையையும் சமூக அமைப்பாக்கத்தின் வரலாறாக எந்தத் தாளில் வைத்திருக்கிறார்கள்? உங்கள் பாடத்திட்டத்தை இன்றைக்கே திறந்து பாருங்கள். சமூக நடவடிக்கை என்ற கடைசி அலகில் அம்பேத்கர் ஒரு புள்ளியாக இருந்தால், உங்கள் துறை ஓரளவு முற்போக்கானது என்று வைத்துக்கொள்ளலாம்.

அம்பேத்கர் எழுப்பிய கேள்விக்கு நம் துறைகள் எந்தப் பதிலைத் தேர்ந்தெடுத்தன என்பதை முகாமின் நிகழ்ச்சி நிரலே சொல்லிவிடும். கை கழுவும் முறை பற்றிய விழிப்புணர்வு, நெகிழி ஒழிப்புப் பேரணி, மது ஒழிப்பு வீதி நாடகம், மரக்கன்று நடுதல். குறை மக்களிடம்தான், அவர்களைத் திருத்த நாம் வந்திருக்கிறோம் என்ற பதிலைத்தான் அவை தேர்ந்தெடுத்திருக்கின்றன. அதிலும் சேரிக்குப் போகும் நாளில்தான் சுத்தம் பற்றிய வகுப்பு நடக்கும். ஊரின் குப்பையைக் காலங்காலமாக அள்ளுகிறவர்களுக்குச் சுத்தத்தைப் பற்றிப் பாடம் எடுத்துவிட்டு வருகிறோம்.

இந்தக் களத்துக்குள் ஒரு தலித் மாணவர் போகும்போது என்ன ஆகிறது? முதல் வீட்டிலேயே கேள்வி வருகிறது. "தம்பி எந்த ஊரு? அங்க எந்தத் தெரு? அப்பா பேரு என்ன?" என்ன கேட்கிறார்கள் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். உண்மையைச் சொன்னால் தண்ணீர் வராது, திண்ணையில் இடம் கிடைக்காது, சிலபோது முகாமுக்கே சிக்கல் வரும். மறைத்தால் பத்து நாளும் நெஞ்சுக்குள் பயம். இந்தக் கேள்வி வரும் என்பது பேராசிரியர்களுக்கு முன்பே தெரியும். ஆனாலும் முகாமுக்கு முந்தைய கூட்டத்தில் என்ன உடை உடுத்த வேண்டும், எத்தனை மணிக்கு எழ வேண்டும், ஆண்களும் பெண்களும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்று இரண்டு மணி நேரம் சொல்கிறவர்கள், சாதி கேட்டால் என்ன செய்வது என்பதற்கு இரண்டு நிமிடம்கூட ஒதுக்குவதில்லை. அந்தக் கேள்வியைத் தனியாகச் சந்திக்கும்படி மாணவரை விட்டுவிடுகிறார்கள். பிறகு அவர் ஒதுங்கியிருந்தால் 'பங்கேற்பு குறைவு' என்று எழுதுகிறார்கள்.

வழிகாட்டுதல் என்ற சொல்லின் பொருள் இங்கேதான் சோதிக்கப்படுகிறது. குறிப்பேட்டில் கையெழுத்துப் போடுவதும், வருகைப் பதிவைச் சரிபார்ப்பதும், வைவாவில் கேள்வி கேட்பதும் மேற்பார்வை. அதற்கு ஒரு அலுவலகம் போதும். மாணவரிடம் சாதி கேட்கப்படும்போது பக்கத்தில் நின்று, "இந்தக் கேள்விக்கு எங்கள் மாணவர் பதில் சொல்ல மாட்டார், ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லுங்கள்" என்று பேசுபவர்தான் வழிகாட்டி. அப்படிப் பேசும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மிகச் சிலர்தான், அதனால்தான் மாணவர்கள் அவர்களின் பெயர்களை ஆண்டுக்கணக்கில் மறக்காமல் சொல்கிறார்கள்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் களப்பணி என்றால் பேருந்துக் கட்டணம், சாப்பாடு, கைப்பேசி, நகல் எடுக்கும் செலவு என எல்லாம் மாணவரின் கையிலிருந்து. பல கல்லூரிகளில் இது சுயநிதிப் படிப்பு. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வந்து சேருவதற்குள் பருவம் முடிந்துவிடும். மாலையில் கேட்டரிங் வேலைக்கும் துணிக்கடை வேலைக்கும் போய்வந்து இரவு பன்னிரண்டு மணிக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் மாணவருக்குத் 'தாமதமான சமர்ப்பிப்பு' என்று ஐந்து மதிப்பெண் குறைகிறது. 2018 பிப்ரவரியில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். உதவித்தொகைக்குத் தகுதியான தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்களின் கட்டணச் சலுகையைத் திரும்பப் பெற்றதுதான் காரணம். சமூக நீதியைப் பாடமாக நடத்தும் நாட்டின் முதல் நிறுவனத்திலேயே கட்டணத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. அம்பேத்கர் சொன்ன ஊழியர்கள் அந்தச் சேரிகளிலிருந்துதான் வர வேண்டும். அவர்கள் பாதியில் நின்றுபோகும்படி படிப்பை வைத்துக்கொண்டு யாரை வளர்க்கிறீர்கள்?

எங்களை நோக்கிச் சொல்லப்படும் பதில்கள் எங்களுக்குத் தெரியும். முதல் பதில், "சாதியைப் பேசினால் அடுத்த வருடம் ஊருக்குள் விடமாட்டார்கள்" என்பது. சரி, விடாமல் போகட்டும். தீண்டாமையைப் பற்றிப் பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு கிடைக்கும் அனுமதி யாருக்குப் பயன்படுகிறது? முகாமைச் சேரியில் போடுங்கள். அங்கே தங்குங்கள், அங்கே சமையுங்கள், அங்கிருந்து ஊருக்குள் நடந்து போங்கள். ஊர் எப்படி நடந்துகொள்கிறது என்பதே உங்களுக்குக் கிடைக்கும் முதல் தரவு.

இரண்டாவது பதில், "மாணவர்களின் பாதுகாப்பு" என்பது. இது நியாயமான கவலை. ஆனால் பாதுகாப்பு மௌனத்தால் வராது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் சொந்த வீட்டுக்குள் வைத்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் அவனோடு படித்தவர்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அதன் பரிந்துரைகளில் பள்ளி நல அலுவலர் என்ற பணியிடமும் ஒன்று. அந்தப் பணியிடம் வந்தால் யார் போவார்கள்? இன்றைக்கு உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள்தான். கையில் கட்டும் கயிற்றின் நிறத்துக்கு என்ன பொருள் என்று தெரியாதவரை, இரு தரப்பையும் கைகுலுக்க வைத்து அனுப்புவதுதான் ஆற்றுப்படுத்தல் என்று கற்றவரை, அந்த நாற்காலியில் உட்கார வைத்தால் அடுத்த அரிவாளை யார் தடுப்பது?

மூன்றாவது பதில் கொஞ்சம் நுட்பமானது. "அப்படியானால் தலித்துகள்தான் தலித்துகளிடம் வேலை செய்ய வேண்டுமா, மற்றவர்கள் ஒதுங்கிவிட வேண்டுமா?" இல்லை. பிறப்பைச் சான்றிதழாக அம்பேத்கரும் ஏற்கவில்லை. ஒடுக்கப்பட்டோரிலும் அயோக்கியர்கள் உண்டு என்பதை அதே கடிதத்தில் ஒத்துக்கொள்கிறார். நாங்கள் கேட்பது வேறு. ஆதிக்கச் சாதியில் பிறந்த மாணவரைச் சேரிக்கு அனுப்பி ஏழ்மையைக் காட்டிப் பரிதாபப்பட வைப்பதை நிறுத்துங்கள். அவரை அவருடைய சொந்தத் தெருவுக்கு அனுப்புங்கள். இரட்டைக் குவளை அங்கேதான் இருக்கிறது, கயிறு அங்கேதான் கட்டப்படுகிறது, ஆணவக் கொலைக்கான பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. அங்கே வேலை செய்யத் துணிந்த சமூகப்பணியாளர் இன்னும் போதுமான அளவில் உருவாகவில்லை.

எனவே துறைகளிடம் நாங்கள் கேட்பவை நடைமுறையானவை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, அதன் 1995 விதிகள், 2015 திருத்தம் ஆகியவற்றை ஒரு முழுத் தாளாக வையுங்கள். வழக்கை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும், 60 நாளில் குற்றப்பத்திரிகை வர வேண்டும், கடமையைத் தவறும் அரசு ஊழியர் மீதும் வழக்குப் போடலாம், சாட்சிக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் உரிமைகள் உண்டு என்பதெல்லாம் ஒரு சமூகப்பணியாளருக்கு மருத்துவமனை விதிகளைப் போல மனப்பாடமாக இருக்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டியில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைத் தெரியாமல் ஒருவர் பட்டம் வாங்கக் கூடாது.

மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பது விதி. கூடியதா, என்ன பேசியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு எழுதுவதைக் களப்பணியாக ஏற்றுக்கொள்ளுங்கள். தனியார் நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். பிரிவில் போய்ப் படம் எடுப்பதைவிட இது கடினமான பயிற்சி.

களப்பணிக்குப் பயணப்படி கொடுங்கள். அறிக்கையைத் தமிழில் எழுத விடுங்கள். மாணவருக்குத் தரும் களப்பணி மதிப்பெண்ணை ஒரே ஆசிரியரின் கையில் விடாதீர்கள். அவர் வேலை செய்த இடத்தின் மக்களிடமும் கேளுங்கள். இயக்கங்களில் இருபது, முப்பது ஆண்டு வேலை செய்தவர்களை, பட்டம் இருக்கிறதா என்று பார்க்காமல், களப்பணி வழிகாட்டிகளாக ஊதியத்தோடு அழையுங்கள்.

மாணவத் தோழர்களே, துறைகள் மாறும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. தக்கருக்கு எழுதிய கடிதம் அம்பேத்கரின் எழுத்துத் தொகுதிகளில் இருக்கிறது. நாலு பேர் சேர்ந்து ஒரு மாலையில் படித்துவிடலாம். அடுத்த முகாமுக்கு முந்தைய கூட்டத்தில், "சாதி கேட்டால் என்ன செய்வது?" என்று எழுந்து கேளுங்கள். ஒருவர் தனியாகக் கேட்டால் அவரைக் குறித்துவைத்துக்கொள்வார்கள். பத்துப் பேர் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பத்தில் தலித் அல்லாத மாணவர்கள் முன்னால் நின்று கேளுங்கள், உங்களுக்குப் போகக்கூடிய மதிப்பெண் குறைவு. சமூக வரைபடத்தை இரண்டு முறை போடுங்கள், ஒன்று மந்தையில், இன்னொன்று சேரியில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி அறிக்கையில் வையுங்கள். விளக்கம் எதுவும் எழுத வேண்டாம். முதல் ஆண்டு மாணவர்களுக்கு மூத்தவர்கள் நீங்களே வழிகாட்டியாக இருங்கள். எந்தக் களத்தில் என்ன நடக்கும், யாரைக் கூப்பிட வேண்டும், எந்தக் காவல் நிலையம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை எழுதிக் கைமாற்றுங்கள்.

1956-இல், தன் கடைசி ஆண்டில், அம்பேத்கர் பம்பாயில் அரசியலுக்கு வரும் இளைஞர்களுக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். உடல்நிலை மோசமாக இருந்த நேரத்திலும் அடுத்த தலைமுறையைப் பயிற்றுவிக்க வேண்டும் என்பது அவர் மனதில் இருந்தது. அந்த வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. இந்தக் கல்வியாண்டில் முகாமுக்குப் பட்டியல் போடும்போதே தொடங்கலாம்: எந்த ஊர் என்பதோடு, அந்த ஊரில் எந்தத் தெருவில் தங்கப் போகிறோம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.